உடம்பு ஏறுறதுக்கு மூளைக்குள்ள இருக்குற செல்லு காரணமாங்க?

ஓவர்லாக்_ராசா (திருப்பூர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனில டைலர். கல்யாணத்தப்ப 64 கிலோ இருந்தேன், இப்ப 83. ஷிப்மெண்ட் நெருக்கத்துல ஒண்ரை ஷிப்ட்டு ஓடும், சில நாள் விடிய விடிய. பதினோரு மணி டீக்கு ஒரு முட்டை பப்ஸ், நாலு மணிக்குத் தேங்காய் பன்னு, நைட்டுன்னா கம்பெனியே பரோட்டா பார்சல் வாங்கிக் குடுத்துரும். "வாயைக் கட்டுங்க"ன்னு சொல்லிச் சொல்லி வீட்ல அவங்களுக்கே அலுத்துப்போச்சு. நானும் கட்டித்தான் பாக்குறேன். கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் வருது பாருங்க ஒரு பசி, அது பழைய பசியே இல்லைங்க, நெம்ப மூர்க்கமா வருது.

இப்ப வாட்சப்புல ஒரு வீடியோ சுத்துது. மூளைக்குள்ள இருக்குற நோய் எதிர்ப்புச் செல்லு வீங்குறதாலதான் தொப்பை வருதாம், தப்பு நம்ம மேல இல்லையாம். அவங்க பொடியை வெறும் வயித்துல குடிச்சா வீக்கம் வத்தி எடை தானா எறங்குமாம். டப்பா 1,800 ரூபாய். வாங்குறதுக்கு முன்னாடி இங்க ஒருக்கா கேட்டுக்கலாம்னு வந்தேன். மெய்யாலுமேவாங்க?

சும்மா_வந்தவன் (கோயமுத்தூர்) எழுதியது:

பரோட்டாவை நிறுத்திப்போட்டு அந்த 1,800-க்கு ஒரு நல்ல ஷூ வாங்கி நடங்க மாப்ளே. இழை முடிஞ்சுது, பூட்டிரலாம்.

நுண்மூளை (ஊர் கோபி, இருப்பு பெங்களூரு) எழுதியது:

பூட்டாதீங்க. பொடி புளுகு. ஆனா அந்த ஆள் தன் வியாபாரத்துக்குத் தூக்கிட்டு வந்த விசயம் புளுகு இல்லை. மூளை ஆய்வுக்கூடத்துல சோலி பாக்குறவன்கிற முறையில தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

மூளையில நரம்புச் செல்லு மட்டும் இல்லைங்க. மைக்ரோகிளியான்னு ஒரு இனம் இருக்குது. ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்ட்டேகா 1919-ல இதைத் தனி இனம்னு பிரிச்சுக் காட்டினார். மூளைக்குள்ளயே குடியிருக்குற நோய் எதிர்ப்புச் செல் இது. ரத்தத்துல சுத்துற வெள்ளை அணுக்களுக்கு எலும்பு மஜ்ஜைதான் பொறந்த வீடு. இதுக்கு அப்படி இல்லை. கரு உருவான புதுசுல மஞ்சள் கருப் பையில பொறந்து, மூளைக்குக் குடி வந்து, அங்கயே பெருகி ஆயுசு முழுக்க இருந்துக்குது. 2005-ல உயிரோட இருக்குற சுண்டெலியோட மூளையைப் படம் புடிச்சுப் பார்த்தாங்க. சும்மா கெடக்குதுன்னு நெனச்சிருந்த செல்லு, கிளைகளை நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தை ஓயாம துழாவிட்டு இருந்துச்சு. எல்லாம் சேர்ந்து சில மணி நேரத்துல மூளை மொத்தத்தையும் ஒரு சுத்து தடவிப் பார்த்துருமாம். செத்த செல்லைத் தின்னு சுத்தம் பண்றது, வேண்டாத நரம்பு இணைப்பைக் கழிக்கிறது, கிருமி வந்தா மல்லுக்கட்டுறது எல்லாம் இதோட வேலை.

இனி பசிக்கு வருவோம். மூளையோட அடிப்புறத்துல ஹைப்போதலாமஸ்னு சுமார் 4 கிராம் எடையுள்ள ஒரு பகுதி. அதுல ரெண்டு கட்சி நரம்புச் செல்லுங்க. ஒண்ணு "தின்னு, தின்னு"ன்னு தூண்டும். இன்னொண்ணு "போதும், எந்திரி"ன்னு சொல்லும். உடம்புல கொழுப்பு சேரச் சேர, கொழுப்புச் செல்லுங்க லெப்டின்ங்கற ஹார்மோனை ரத்தத்துல விடும். 1994-ல ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு கண்டுபிடிச்சது இது. லெப்டின் மூளைக்குப் போயி "சரக்கு இருப்பு இருக்குது"ன்னு சொன்னா, பசி அடங்கணும். குண்டா இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு லெப்டின் குறைவா இல்லைங்க, கூடுதலாவே இருக்குது. சேதி போகுது, மூளைதான் காதுல வாங்கறதில்லை.

ஏன் வாங்கறதில்லைங்கற எடத்துலதான் மைக்ரோகிளியா வருது. மூளையில பெரும்பாலான எடத்துல ரத்தக்குழாய்ச் சுவர் இறுக்கமா இருக்கும், கண்டதும் உள்ள போக முடியாது. ஹைப்போதலாமஸுக்கு அடியில ஒரு எடத்துல அந்தச் சுவர்ல ஓட்டை ஓட்டையா இருக்கும். ரத்தத்துல என்ன ஓடுதுன்னு ருசி பாக்கறதுக்குன்னே உள்ள ஏற்பாடு அது. அதனால நாம தின்ன கொழுப்போட தகவல் முதல்ல போய்ச் சேர்ற எடமும் அதுதான். கொழுப்பு மிஞ்சிப்போனா, அங்க இருக்குற மைக்ரோகிளியா எதிரி வந்துட்டான்னு கிளம்பி அழற்சி (அந்த வீடியோல "வீக்கம்"னு சொன்னது இதைத்தான்) ரசாயனங்களைக் கொட்டுது. தோட்டத்துச் சாளையில கட்டின நாய் விடாம குரைச்சுட்டே இருந்தா, வாசல்ல நிக்கிறவன் சொல்ற சேதி உள்ள இருக்குறவனுக்குக் கேக்குமா? அந்தக் கதைதான். லெப்டின் வாசல்ல நின்னு கத்திட்டு இருக்குது.

இதுல என்னை அசத்துனது இதோட வரிசை. கொழுப்புத் தீனி தின்ன எலியோட ஹைப்போதலாமஸ்ல அழற்சி வருதுன்னு 2005-லயே பிரேசில்ல காம்பினாஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க சொல்லிட்டாங்க. குண்டானதால அழற்சி வந்துருக்கும்னுதான் யாருக்கும் தோணும். 2012-ல அமெரிக்காவுல சியாட்டில் குழு நாள் நாளாப் பிரிச்சுப் பார்த்துச்சு. தீனியை மாத்தி ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள, எடை சொல்லிக்கிற மாதிரி ஏறுறதுக்கு முன்னாடியே, அழற்சிக் குறி தெரிஞ்சுது. இடையில கொஞ்சம் அடங்கி, சில வாரத்துல மறுக்கா வந்து அப்படியே தங்கிருச்சு. ஈரல், கொழுப்புத் திசுவுல எல்லாம் அழற்சி வர வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். மூளையில மூணு நாள்!

சும்மா_வந்தவன் எழுதியது:

மூணு நாளா? மாரியம்மன் நோம்பிக்கு ஒரம்பரை வந்தா நாங்க அஞ்சு நாள் தின்போமே. அப்ப எங்க ஊரு நாயெல்லாம் வருசம் பூரா குரைக்குமுங்களா?

களத்துமேடு (காங்கயம்) எழுதியது:

ஒரு நிமிசமுங்க தம்பி. கொழுப்பு கொழுப்புன்னு மொத்தமா சொல்லிப்போட்டீங்க. எங்க பக்கம் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும்தான் பொழப்பு. தேங்காய் எண்ணெய்ல பூரிதக் கொழுப்பு (சாச்சுரேட்டட்) அதிகம், மாரடைப்பு வரும்னு ஏற்கெனவே ஊரைப் பயமுறுத்தியாச்சு. இப்ப மூளையும் வீங்கும்னு சேர்த்துக்குவாங்க. எந்தக் கொழுப்பை எந்த எலிக்குக் குடுத்தாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

நுண்மூளை எழுதியது:

கேக்க வேண்டிய கேள்விங்கண்ணா. இந்த ஆய்வுகள்ல அதிகம் ஓடுற தீனியில 60 சதவீதம் கலோரி கொழுப்புல இருந்து வருது. அதுவும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. நம்மூர்ல எவ்வளவு எண்ணெய் ஊத்திச் சமைச்சாலும் அந்தக் கணக்கு வராது. அதனால எலிக்கு மூணு நாள்னா நமக்கும் மூணு நாள்னு அப்படியே தூக்கி வெச்சுரக் கூடாது.

கொழுப்போட வகை முக்கியம்தான். சான்பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சுனீல் கோலிவாட் குழு 2014-ல வெளியிட்ட ஆய்வுல, பூரிதக் கொழுப்பை மட்டும் குழாய் வழியா சுண்டெலி வயித்துக்குள்ள விட்டாங்க. அதுக்கே ஹைப்போதலாமஸ்ல மைக்ரோகிளியா கிளம்பிருச்சு. பக்கத்துலயே இருக்குற, நரம்புச் செல்லுக்கு ஒத்தாசை பண்ற ஆஸ்ட்ரோசைட் செல்லு எண்ணிக்கையில கூடினாலும் அழற்சியில எறங்கல. மைக்ரோகிளியாவை அந்த எடத்துல இருந்து நீக்கிப்போட்டு அதே கொழுப்பைக் குடுத்தா, நரம்புச் செல்லுக்குப் பாதிப்பு இல்லை, லெப்டின் பேச்சு எடுபடுது, தீனியும் குறையுது. அதாவது கொழுப்பு நேரா நரம்பைத் தாக்கல, நடுவுல இந்தச் செல்லு இருக்குது.

ஆய்வுக்கூடத் தட்டுல செல்லு வளர்த்துச் சோதிக்கிறவங்க அதிகம் ஊத்துறது பால்மிடிக் அமிலம்ங்கற ஒரு வகைப் பூரிதக் கொழுப்பு. அது எங்க நிறைய இருக்குதுன்னு பார்த்தா பாமாயில்ல, நூத்துக்கு நாப்பதுக்கு மேல. தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், பால்மிடிக் கொஞ்சம்தான். ரெண்டும் பூரிதம்தான், ஆனா ஒண்ணு இல்லை. ராசாண்ணன் திங்கற பப்ஸோட அடுக்குக்குப் பெரும்பாலும் போடுறது வனஸ்பதியோ மார்கரினோ, அதுல பாமாயில்தான் பெரும்பங்கு. பேக்கரில பப்ஸ் வெச்சுக் குடுக்குற பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தெரியும்.

அதுக்காகத் தேங்காய் எண்ணெய் தப்பிச்சுதுன்னும் நான் சொல்ல மாட்டேன். 1980-கள்ல டியூக் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் சர்விட் சுண்டெலியைக் குண்டாக்கறதுக்கு உருவாக்கின பேர்போன தீனியே ஹைட்ரஜன் ஏத்தின தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்ததுதான்.

களத்துமேடு எழுதியது:

ஹைட்ரஜன் ஏத்தினதுன்னா அது டால்டா மாதிரி. எங்க எண்ணெய்ல அதெல்லாம் இல்லைங்க. சர்க்கரையை வேற கூடச் சேர்த்துப்போட்டுப் பழியை எண்ணெய் மேல போடுறது எந்த ஊர் ஞாயம்?

நுண்மூளை எழுதியது:

அதே ஞாயத்தை ஆய்வாளருங்களும் கேட்டுட்டாங்க. 2017-ல ஒரு ஆய்வு. கொழுப்பு ரொம்ப அதிகமா, மாவுச்சத்து ரொம்பக் குறைவா ஒரு தீனி. கொழுப்பும் சர்க்கரை, மாவுச்சத்தும் சேர்ந்தே அதிகமா இருக்குற இன்னொரு தீனி. ரெண்டாவதுலதான் ஹைப்போதலாமஸ் கலங்குச்சு. கொழுப்பு மட்டும் நிறைஞ்ச தீனியில அந்தக் கலக்கம் இல்லை. ஆனா 2014-ல வெறும் பூரிதக் கொழுப்பைக் குடுத்தே கிளப்பிக் காட்டியிருக்காங்க. இந்த ரெண்டு முடிவும் இன்னும் ஒண்ணா உக்காரல. ஒரே துறைக்குள்ளயே இவ்வளவு தகராறு இருக்கறப்ப, வீடியோல வர்றவர் மட்டும் எப்படி அவ்வளவு தீர்மானமா பேசுறார்னு யோசிங்க.

என் கணிப்பைக் கேட்டா, கொழுப்பும் இனிப்பும் மைதாவும் ஒரே கையில வர்ற பண்டம்தான் முதல் குத்தவாளி. தேங்காய் பன்னு, பப்ஸ், வர்க்கி, கிரீம் பிஸ்கட். அரிசிம்பருப்புச் சோத்துல ஒரு கரண்டி நெய் விடுறது அந்தக் கூட்டத்துல சேராது.

ஓய்வுபெற்ற_ஆசிரியர் (பவானி) எழுதியது:

இங்குள்ள இளைஞர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் தந்தையார் சோற்றில் நெய்யைக் குழி வெட்டி ஊற்றிச் சாப்பிட்டவர். விருந்தில் ஒப்பிட்டு (போளி) வைத்தால் அதன் மேலும் நெய்தான். எழுபத்தெட்டு வயது வரை ஒட்டிய வயிறோடு இருந்தார். மைக்ரோகிளியா அப்போதும் இருந்திருக்குமே? அது ஏன் அவரிடம் குரைக்கவில்லை?

பூந்துறை_அம்மிணி (ஈரோடு, உணவு ஆலோசகர்) எழுதியது:

ஐயா, உங்க அப்பா கிணத்துல மாடு கட்டிக் கவலை இறைச்சிருப்பார். விடியக் காலைல மாட்டைப் பூட்டி வெயில் ஏறுற வரைக்கும் முன்னும் பின்னும் நடந்தவருக்கு அந்த நெய்யெல்லாம் ஒரு பொருட்டா? ஒப்பிட்டும் வருசத்துக்கு எத்தனை தரம்? நோம்பிக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு. இப்ப ஒப்பிட்டு பேக்கரி வாசல்லயே கல்லுல தட்டி விக்குது, தினமும் நோம்பிதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட நாடு தழுவிய ஆய்வு 2023-ல வந்துச்சு. நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவங்கள்ல 39.5 சதவீதம் பேருக்கு வயித்துப் பகுதிப் பருமன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, 2019-21-ல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 40.4 சதவீதம், ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்துல மனக்கட்டுப்பாடு கெட்டுப்போச்சுன்னு சொன்னா நம்பற மாதிரியா இருக்குது? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் திட்டு வாங்கித் திட்டு வாங்கி, தலையைக் குனிஞ்சுட்டேதான் உள்ள வர்றாங்க.

நுண்மூளை தம்பிக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, எலிக்கதை எல்லாம் ஆண் எலிக்கதையா, பொம்பளைக்கும் பொருந்துமா? ரெண்டு, மனுசனுக்கு என்ன ஆதாரம்?

நுண்மூளை எழுதியது:

அக்கா, முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்குது. பல வருசமா இந்த ஆய்வெல்லாம் ஆண் சுண்டெலியிலதான் நடந்துச்சு. பெண் சுண்டெலிக்கு அதே தீனியைக் குடுத்தா அவ்வளவா எடை ஏறறதில்லை. ஏன்னு 2017-ல சியாட்டில் குழு பார்த்துச்சு. நரம்புச் செல்லு மைக்ரோகிளியாவைப் பார்த்து "நான் நல்லாத்தான் இருக்குறேன், நீ அடங்கு"ன்னு சொல்றதுக்கு ஃபிராக்டல்கைன்னு ஒரு புரதம் உண்டு. கொழுப்புத் தீனி தின்ன ஆண் எலியில அந்தப் பேச்சுவார்த்தை குறைஞ்சு போகுது, பெண் எலியில குறையறதில்லை. பெண் எலியில மைக்ரோகிளியாவோட அந்தக் காதை மட்டும் மரபணு வழியா அடைச்சுப்போட்டா, அதுவும் ஆண் எலி மாதிரியே எடை போடுது. ஆனா நம்ம மாநிலக் கணக்கையே நீங்க மேல குடுத்துட்டீங்க, பொம்பளைங்கதான் முன்னாடி நிக்கறாங்க. எலியில இருக்குற அந்தக் காப்பு மனுசிக்கு அப்படியே வரும்னு நம்பி உக்கார முடியாது.

ரெண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் மெலிசானது. உயிரோட இருக்குற மனுசனோட மூளையைத் திறந்து மைக்ரோகிளியாவை எண்ண முடியாது, எம்ஆர்ஐ நிழலைத்தான் பாக்கணும். 2012 ஆய்வுலயே பருமனானவங்களோட ஹைப்போதலாமஸ்ல, எலியில அழற்சியோட சேர்ந்து பார்த்த தழும்பு மாதிரியான குறி கூடுதலா தெரிஞ்சுதுன்னு போட்டிருக்காங்க. முதல்ல வந்தது குறியா பருமனான்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. 2021-ல ஒன்பதுல இருந்து பதினோரு வயசுப் புள்ளைங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. பருமனாகற வாய்ப்புள்ள புள்ளைங்கள்ல யாருக்கு அந்தக் குறி அதிகமா இருந்துச்சோ, அவங்களுக்கு அடுத்து வந்த மாசங்கள்ல கொழுப்பு அதிகம் ஏறுச்சு. முன்னாடி குறி, பின்னாடி எடை. இது எனக்குக் கொஞ்சம் கலக்கமான சேதி.

இன்னும் ரெண்டு ஆய்வு இருக்குது, மைக்ரோகிளியாவை நேரா அளக்கலைன்னாலும் நோம்பிக் கேள்விக்குப் பக்கத்துல வரும். ஜெர்மனியில டூபிங்கன் குழு 2025-ல வெளியிட்டது. ஒல்லியான, நோயில்லாத ஆம்பளைங்களுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல அஞ்சு நாள் சாக்லேட்டும் சிப்ஸும். எடை பெருசா ஏறல. ஆனா ஈரல்ல கொழுப்பு சேர்ந்துச்சு, மூளை இன்சுலினுக்குப் பதில் சொல்ற விதமும் மாறுச்சு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் கழிச்சும் அந்த மாற்றம் முழுசா போகல. இன்னொண்ணு 2023-ல கொலோன் நகரத்துல இருந்து. எட்டு வாரம் தினமும் கொழுப்பும் சர்க்கரையும் நிறைஞ்ச புட்டிங் தின்னவங்களுக்கு, கொழுப்புக் குறைஞ்ச பண்டத்து மேல இருந்த ஆசை குறைஞ்சுபோச்சு. அதே அளவு கலோரியில கொழுப்புக் குறைஞ்ச புட்டிங் தின்னவங்களுக்கு அப்படி ஆகல. பதினோரு மணி பப்ஸ் பதினோரு மணியோட முடியறதில்லைங்க, அடுத்த நாள் கம்மங்கூழைப் பார்த்தா மூஞ்சி சுழிக்கிறதும் அதோட வேலையா இருக்கலாம்.

மூலிகை_வழி எழுதியது:

அருமையான விளக்கம். இதைத்தான் நாங்களும் சொல்கிறோம். எங்கள் பொடியில் முக்கியமாக இருப்பது ஈரோட்டு மஞ்சள். மஞ்சள் அழற்சியைக் குறைக்கும் என்பது உலகறிந்த உண்மை. ஆர்டர் செய்ய: [இணைப்பு நீக்கப்பட்டது – நெறியாளர்]

மஞ்சமண்டி (ஈரோடு) எழுதியது:

ஈரோட்டு மஞ்சள்னா எங்க பொழப்புங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கி வெச்சிருக்கிறோம், பெருமைதான். ஆனா 1,800 ரூபாய்க்கு எங்க மார்க்கெட்டுல கிலோக் கணக்குல விரலி மஞ்சளே தூக்கிட்டுப் போலாம். டப்பால எத்தனை கிராம் போடுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. கேட்டா எங்களுக்கே வயிறு எரியும்.

நுண்மூளை எழுதியது:

மஞ்சள்ல இருக்குற குர்குமின் சின்னப் பங்குதான். வாய் வழியா தின்னா அதுலயும் பெரும்பகுதி ரத்தத்துல சேர்றதே இல்லை. இதைப் பத்தி மருந்து வேதியியல்காரங்க 2017-ல ஒரு நீண்ட மதிப்பாய்வு எழுதினாங்க. முறையா, யாருக்கு மருந்து யாருக்குப் போலின்னு யாருக்கும் தெரியாம நடத்தின மனுசச் சோதனை எதுலயும் குர்குமின் ஜெயிக்கலைன்னு முகத்துல அடிச்ச மாதிரி எழுதியிருக்காங்க. குழம்புக்கு மஞ்சள் போடுங்க, ருசிக்கும் நிறத்துக்கும். மூளைக்குப் போட வேண்டாம்.

சும்மா_வந்தவன் எழுதியது:

சரி விஞ்ஞானி, நாய்தான் தொந்தரவுன்னா நாயைக் கொன்னுப்போட வேண்டியதுதானே? மாத்திரை இல்லையா?

நுண்மூளை எழுதியது:

இருக்குது, எலிக்கு. மைக்ரோகிளியா உயிரோட இருக்க ஒரு சமிக்ஞை வேணும், அதைத் தடுக்குற மருந்தைத் தீனியில கலந்து குடுத்தா மூளையில பெரும்பாலான மைக்ரோகிளியா செத்துரும். 2017-ல கோலிவாட் குழுவும் சியாட்டில் ஜோஷ்வா தேலர் குழுவும் சேர்ந்து செஞ்சாங்க. கொழுப்புத் தீனி தின்ன சுண்டெலிக்குத் தீனியும் குறைஞ்சுது, எடை ஏற்றமும் குறைஞ்சுது. அதோட நிக்காம தலைகீழாவும் செஞ்சு பார்த்தாங்க. மைக்ரோகிளியாவுல அழற்சியை அடக்கி வைக்கிற ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, சாதாரணத் தீனியையே குடுத்தாங்க. கொழுப்பு இல்லை, ஒண்ணும் இல்லை. அந்த எலி அதிகமாத் தின்னுச்சு, சக்தி செலவு குறைஞ்சுது, எடை போட்டுச்சு. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை இது. தீனி மாறல, புத்தி மாறல, செல்லு மட்டும்தான் மாறுச்சு.

இங்கதான் ஒரு முடிச்சு. அதே குழுவுல சிலர் 2023-ல இன்னொண்ணு போட்டாங்க. மைக்ரோகிளியாவோட அழற்சியை முடக்கின எலி ஒல்லியாத்தான் இருந்துச்சு, ஆனா ரத்தத்துல சர்க்கரையைச் சமாளிக்கிற திறன் மோசமாப் போச்சு. அழற்சி ஓடுறப்ப எடை ஏறினாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு அது ஏதோ ஒரு வழியில ஒத்தாசை பண்ணிட்டு இருந்திருக்குது. யாருமே எதிர்பார்க்கல. நாயை அடிச்சுக் கொன்னா ராத்திரி தூக்கம் வரும், பட்டியில ஆடு இருக்காது. மூளை முழுக்கச் சுத்தம் பண்ற, கிருமியோட சண்டை போடுற செல்லை, தொப்பைக்காக யாரும் கொல்ல மாட்டாங்க. மனுசனுக்கு இந்த வழியில எடை குறைக்கிற மருந்து எதுவும் இல்லை. யார் வித்தாலும் நம்பாதீங்க.

ஓவர்லாக்_ராசா எழுதியது:

எல்லாம் படிச்சேங்க. கடையில இருந்துட்டே ரெண்டு தரம் படிச்சேன். அப்ப நான் வாயைக் கட்ட முடியாம போறதுக்கு என் மூளையும் ஒரு காரணம், சரி. ஆனா ஒரு தடவை வீங்கினது வீங்கினதுதானா? திரும்பாதா?

நுண்மூளை எழுதியது:

எலியில திரும்புதுங்கண்ணா. 2014-ல ஒரு ஆய்வு. நாலு மாசம் கொழுப்புத் தீனி குடுத்துக் குண்டாக்கி, அப்புறம் நாலு வாரம் சாதாரணத் தீனிக்கு மாத்தினாங்க. ஹைப்போதலாமஸ்ல தழும்புக் குறி பழைய நிலைக்கு வந்துருச்சு. ஓடுற சக்கரம் வெச்ச கூண்டுல இருந்த எலிக்கு, அதே தீனியிலயும் அழற்சி குறைவா இருந்துச்சுன்னு 2012-ல ஒண்ணு வந்துருக்குது. ஆனா 2012 சியாட்டில் ஆய்வுல, எட்டு மாசம் விடாம கொழுப்புத் தின்ன எலியில "போதும்"னு சொல்ற நரம்புச் செல்லுல கால்வாசி குறைஞ்சுருந்துச்சு. செத்த செல்லு திரும்பி வர்றது சுலபம் இல்லை. அதனால சீக்கிரம் மாத்துனா லாபம்.

முதல் சில வாரம் பசி மூர்க்கமா வரும், அது உங்க வைராக்கியம் உடையறதில்லை. குரைப்பு அடங்க நேரம் எடுக்குது, அவ்வளவுதான்.

பூந்துறை_அம்மிணி எழுதியது:

ராசா தம்பி, இனி நான் சொல்றேன். உங்க எதிரி சோறு இல்லை, ரெண்டு டீ நேரமும் நைட் பார்சலும்தான். அரிசிம்பருப்பை நிறுத்த வேண்டாம், ரெண்டாவது தட்டை மட்டும் நிறுத்துங்க. பதினோரு மணிக்கு அவிச்ச முட்டை, நாலு மணிக்கு அவிச்ச கடலையோ சுண்டலோ வீட்ல இருந்து டப்பால. டீயில சர்க்கரை பாதி. நைட் ஷிப்ட்டுக்கு ராகிக் களியும் கீரையும் எடுத்துட்டுப் போனா பரோட்டா மேல கை போகாது. போனாலும் ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, முதல்ல நாலு மணிப் பன்னை மட்டும் மாத்துங்க.

எடை குறைக்கிற ஊசி வேணுமான்னு அடுத்துக் கேப்பீங்கன்னு தெரியும். 2025 மார்ச்ல மவுன்ஜாரோங்கற அந்த ஊசி நம்ம நாட்டுக்கு வந்ததுல இருந்து தினமும் யாராவது கேக்குறாங்க. அது மூளையில பசி எடத்துக்கும் போயி வேலை செய்ற மருந்துதான், சிலருக்கு நல்லாவே கேக்குது. ஆனா நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோ சர்க்கரை மருத்துவரோ பார்த்து எழுதணும், மெடிக்கல்ல சொல்லி வாங்குறது இல்லை.

83 கிலோங்கறதை விட இடுப்புச் சுற்றளவு முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளக்கணும். நம்மவங்களுக்கு ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 செ.மீ. தாண்டினா சர்க்கரையும் பிரஷரும் பாத்துரணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம பார்ப்பாங்க.

சும்மா_வந்தவன் எழுதியது:

டைலர்கிட்டயே டேப்புக்கு அளவு சொல்லித் தர்றீங்களே அக்கா.

களத்துமேடு எழுதியது:

எண்ணெய்க்கு என்ன தீர்ப்புன்னு சொல்லாமயே இழையை ஓட்டிப்போட்டீங்க.

பூந்துறை_அம்மிணி எழுதியது:

தாளிக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன், மத்ததுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி. மொத்தத்துல ஆளுக்கு மாசம் அரை லிட்டருக்கு மேல போகாம இருந்தா சரிங்கண்ணா. உங்க வியாபாரத்துக்கு அது பத்தாதுன்னு எனக்கும் தெரியும்.

ஓவர்லாக்_ராசா எழுதியது:

அளந்தேனுங்க. கட்டிங் மாஸ்டர் புடிச்சார், நான் மூச்சை விட்டேன். 98. பையனையும் அளக்கலாம்னு இருக்குறேன், அவனுக்குப் பத்து வயசு, நாலு மணிக்கு நான் பன்னு வாங்கறப்ப அவனுக்கும் ஒண்ணு கட்டிட்டுப் போறது வழக்கம். பொடி வாங்கல. திங்கக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டை இங்கயே போடுறேன்.